"சும்மா வீட்லதான் இருக்கா": ஒரு கைவேலைக் கண்காட்சியும் என் தப்புக்கணக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு இது. காலை வணக்கமும் பழைய பாட்டும் போடுகிற சார் இன்று ஏன் சண்டைக்கு வருகிறார் என்று நினைக்க வேண்டாம். சண்டைதான். பாதிச் சண்டை உங்களோடு, மீதிப் பாதி என்னோடு.

போன ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் ஒரு கைவேலைக் கண்காட்சிக்கு அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். அக்காவுக்கு இப்போது 74 வயது. முட்டு வலி. வெளியே எங்கே கூப்பிட்டாலும் "நீ போயிட்டு வா"ன்னு சொல்லிவிடுவாள். நூல், ஊசி என்றதும் முதல் ஆளாகச் சேலை மாற்றி நின்றாள்.

உள்ளே இருபது முப்பது கடைகள் இருக்கும். கம்பளி நூலில் பின்னிய குல்லா, குழந்தைச் சட்டை, குரோஷா ஊசியில் பின்னிய யானை, முயல், சாவிக்கொத்து. அவற்றை விற்றவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுக்கிறார்களாம். இன்னொரு வரிசையில் மீட்டர் கணக்கில் மிஷின் லேஸ். கடைசி வரிசையில்தான் நம் ஊர்ப் பெண்கள் கையால் செய்த எம்பிராய்டரி மேசை விரிப்பு, தலையணை உறை, கைக்குட்டை, ரேந்தை. கூட்டமெல்லாம் முன் வரிசையில். கடைசி வரிசையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா எந்தக் கடைக்குப் போனாலும் துணியை எடுத்து முதலில் திருப்பித்தான் பார்த்தாள். முன்பக்கத்துப் பூவைப் பார்க்கவே இல்லை. முடிச்சு தெரிகிறதா, நூல் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் தாவியிருக்கிறதா, இழை இழுத்துச் சுருங்கியிருக்கிறதா என்று பின்பக்கத்தில் விரலை ஓட்டுவாள். நன்றாக இருந்தால் தலையை ஆட்டுவாள். இல்லையென்றால் பேசாமல் மடித்து வைத்துவிடுவாள். விற்கிறவர்களுக்கு ஆள் யார் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. "அம்மா, நீங்க எங்க வேல செஞ்சிய?" என்று கேட்டார்கள்.

அப்படி ஒரு கடையில் நின்றபோதுதான் அது நடந்தது.

ஒரு மேசை விரிப்பு. ஆறு பேர் உட்காரும் மேசைக்கானது. நான்கு மூலையிலும் கட்வொர்க், நடுவில் நிழல் தையல், ஓரம் முழுக்கக் கையால் பின்னிய ரேந்தை. விலை 3500 ரூபாய். பக்கத்தில் நின்ற பெண் அதை 1500க்குக் கேட்டாள். கடைக்கார அம்மா முடியாது என்றார். அதற்கு அவள் சொன்னது:

"சும்மா வீட்டுல இருக்கப்ப பொழுது போகாம செய்யதுதானே அக்கா. இதுக்கு இவ்வளவு வெலயா?"

திரும்பிப் பார்த்தால் என் பழைய மாணவி. "சார், சொகமா இருக்கியளா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கடைசியில் 2200க்கு முடித்து வாங்கிக்கொண்டு போனாள்.

மகளே, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன் பேரையும் ஊரையும் எழுத மாட்டேன். உன்னைத் திட்டவும் மாட்டேன். அந்த வாக்கியத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கு.

நீ போனபிறகு அக்கா அந்த அம்மாவிடம் கேட்டாள்: "இதுக்கு எத்தற நாள் ஆச்சு மக்களே?" ரெண்டு மாசம் என்றார். சமையல், பிள்ளைகள், மாடு எல்லாம் போக ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். துணியும் நூலும் 500 ரூபாய். நான் கணக்கு வாத்தியார். மனம் தானாகப் போட்டுவிட்டது. நீங்களும் போடுங்கள்.

60 நாள், நாளுக்கு 4 மணி. மொத்தம் 240 மணி நேரம்.

கேட்ட விலை 3500. துணி, நூல் போக 3000. மணிக்கு 12 ரூபாய் 50 காசு. எட்டு மணி நேரக் கூலி 100 ரூபாய்.

வாங்கிய விலை 2200. துணி, நூல் போக 1700. மணிக்கு 7 ரூபாய் சொச்சம். எட்டு மணி நேரத்துக்கு 57 ரூபாய்.

முதலில் நீ கேட்ட 1500 என்றால் மணிக்கு 4 ரூபாய் சொச்சம். எட்டு மணி நேரத்துக்கு 33 ரூபாய்.

நூறு நாள் வேலைக்கு 2025-26ல் நம் மாநிலத்துக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். அந்தக் கூலியே போதாது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். அந்தக் கணக்கில் பார்த்தால்கூட அந்த விரிப்பின் விலை 10,580 ரூபாய் வரவேண்டும். கண்ணும் கழுத்தும் போகிற வேலை, பத்து வருடம் பழகினால்தான் கை படியும் வேலை. அதை மண்வெட்டி பிடிக்கிற கூலியில் மூன்றில் ஒரு பங்குக்கு அந்த அம்மா விற்க வந்திருந்தார். அதையும் நாம் பேரம் பேசிக் குறைத்தோம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "சார், மிஷின்ல இதே மாதிரி 600 ரூபாய்க்குக் கிடைக்குது. மார்க்கெட்தானே வெலய முடிவு பண்ணும்?" சரி. மிஷின் விரிப்பு வேண்டுமென்றால் மிஷின் விரிப்பை வாங்குங்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. என் வீட்டு மேசையில் பிளாஸ்டிக் விரிப்புதான் கிடக்கிறது. ஆனால் கைவேலை வேண்டும், விருந்தாளியிடம் "இது ஹேண்ட்மேட்" என்று சொல்லிக் காட்ட வேண்டும், விலை மட்டும் மிஷின் விலையாக இருக்க வேண்டும் என்றால் அது மார்க்கெட் இல்லை. எதிரில் நிற்கிறவளுக்கு வேறு வழி இல்லை என்று தெரிந்து பேசுகிற பேச்சு அது. நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று போடுகிற தொகையை எத்தனை பேர் வாயைத் திறக்காமல் கொடுக்கிறோம்? அங்கே கைக்குக் கூலி உண்டு என்று நமக்குத் தெரியும். துணியில் மட்டும் அது மறந்துபோகிறது. துணியில் ஊசி போடுகிறவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள், பெண்ணாக இருக்கிறாள். அதனால் அது "சும்மா".

அடுத்த கடையில் ஒரு வயதான அம்மா தலையணை வைத்து ரேந்தை பின்னிக் காட்டினார். உருளைத் தலையணை, அதன்மேல் குத்திய ஊசிகள், இரண்டு கையிலும் மரக்குச்சிகள். குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று தாண்டும்போது டக் டக் என்று ஒரு சத்தம் வரும். கல்லூரிப் பிள்ளைகள் சுற்றி நின்று போன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "இது எந்த நாட்டு ஆர்ட்?" என்று ஒரு பையன் கேட்டான். தம்பி, இது உன் ஊர் வேலை. லேஸ் என்று நீ சொல்வதை நம் பெரியவர்கள் ரேந்தை என்பார்கள். வார்த்தை போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தது. வேலை நாகர்கோவிலில் வேர்விட்டு 200 வருடம் ஆகிறது.

இந்தக் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. நானும் வகுப்பில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

லண்டன் மிஷன் சங்கத்திலிருந்து சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் என்ற தம்பதி 1819 டிசம்பரில் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா அம்மையார் இங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளி நடத்தினார். பெண்ணைப் படிக்க அனுப்ப யாரும் தயாராக இல்லாத காலம். பணமும் இல்லை. 1820களின் தொடக்கத்தில் அவர் அந்தப் பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் பின்னியதை விற்ற காசில் பள்ளி நடந்தது. இந்த மாவட்டத்தில் பெண் படிப்புக்கு முதல் ஃபீஸ் கட்டியது ஊசியும் நூலும்.

அதோடு நிற்கவில்லை. அன்றைய திருவிதாங்கூரில் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கலாம். அடிமை முறையை ஒழித்த அரசாணை 1855ல்தான் வந்தது. அதற்கு முன்பே, அந்தப் பள்ளியில் இருந்த அடிமைப் பிள்ளைகளில் சிலர் ரேந்தை பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள். இதை இரண்டு தடவை படியுங்கள். இன்னொருவரின் சொத்தாக இருந்த ஒரு சிறுமி, தன் விரலால் சம்பாதித்து, தன்னையே விலை கொடுத்து வாங்கியிருக்கிறாள்.

இன்னொன்று. அதே காலத்தில்தான் நம் பாட்டிகளின் பாட்டிகள் மார்பை மறைத்துத் துணி போடக்கூடாது என்று அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டார்கள். தோள்சீலைக் கலகம் 1820களில் தொடங்கி விட்டு விட்டு நடந்து 1859 ஜூலை 26ம் தேதி மகாராஜாவின் ஆணையில்தான் ஓரளவு முடிந்தது. தன் தோளில் ஒரு முழத் துணி போட உரிமையில்லாத வீட்டுப் பெண், எங்கோ ஒரு சீமாட்டியின் உடைக்கு ஓரம் பின்னிக்கொண்டிருந்தாள். அதில் வந்த காசிலும் படிப்பிலும்தான் அடுத்த தலைமுறை நிமிர்ந்தது.

மார்த்தா மால்ட்டின் மகள் எலைசாவைத்தான் கால்டுவெல் 1844ல் திருமணம் செய்தார். ஆம், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல். அந்த அம்மா நாகர்கோவில் ரேந்தையை இடையன்குடிக்குக் கொண்டுபோய் அங்குள்ள பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1856ல் கணவர் எழுதிய புத்தகம் நம் எல்லோருக்கும் தெரியும். பாடத்தில் இருக்கிறது. நானே மூன்று மார்க் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். மனைவி கொண்டுவந்த தொழிலைப் பற்றி ஒரு மார்க் கேள்விகூடக் கிடையாது.

சரி, சார் எப்படிக் குற்றவாளி என்று சொல்ல வேண்டும் அல்லவா? மூன்று குற்றம்.

முதல் குற்றம், பள்ளியில் செய்தது. நான் சேர்ந்த நடுநிலைப் பள்ளியில் தையல் டீச்சர் ஒருவர் இருந்தார். வாரத்தில் இரண்டு பீரியட் தையல். ஓட்டுத்தையல், சங்கிலித் தையல், பொத்தான் தைப்பது எல்லாம் சொல்லிக்கொடுப்பார். தேர்வு நெருங்கும்போதெல்லாம் அந்தப் பீரியடை நான் கணக்குக்கு வாங்கிக்கொள்வேன். "டீச்சர், அது சும்மா பீரியட்தானே, எனக்குத் தாருங்க" என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்பேன். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. முகம் மட்டும் சிறுத்துப்போகும். அவர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. நாங்கள் யாரும் கேட்கவும் இல்லை. கணக்குக்கு இரண்டு பீரியட் கூடுதலாகக் கிடைத்தது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். 2012ல் மாநிலம் முழுக்கப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது தையலுக்கும் ஆள் போட்டார்கள், மாதம் 5000 ரூபாய்க்கு. "சும்மா" பீரியடுக்குச் சும்மா சம்பளம்.

மகளே, நீ அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தாய். நான் சொன்ன அந்த "சும்மா"வைத்தான் கண்காட்சியில் நீ திருப்பிச் சொன்னாய். நல்ல மாணவி.

இரண்டாவது குற்றம், அரசாங்க வேலையாகச் செய்தது. 1991, 2001, 2011 மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் நான் போயிருக்கிறேன். வீடு வீடாகப் போய்ப் பெரிய படிவத்தை மடியில் விரித்து வைத்து எழுதுவோம். "கடந்த ஆண்டில் எப்போதாவது ஏதாவது வேலை செய்தீர்களா?" என்று ஒரு கேள்வி உண்டு. கூலி இல்லாமல் சொந்த வயலில், குடும்பத் தொழிலில் உழைத்தாலும் வேலைதான் என்று 1991 படிவத்தில் அடைப்புக்குறிக்குள் அச்சடித்தே இருந்தது. வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ செய்தால் முழு உழைப்பாளி, அதற்குக் குறைந்தால் குறைநேர உழைப்பாளி. ஒன்றும் செய்யாதவர்தான் உழைக்காதவர். இதையெல்லாம் எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள்.

1991ல் ஒரு வீடு இன்னும் கண்ணில் நிற்கிறது. திண்ணையில் அந்த வீட்டு அம்மா வட்டச் சட்டத்தில் துணி மாட்டித் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் முடித்த கைக்குட்டைகள் அடுக்கு அடுக்காக. வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியில். நான் அவரிடம் கேட்டேன்: "அவங்க என்ன செய்றாங்க?" அவர் சொன்னார்: "அவளா? சும்மா வீட்லதான் இருக்கா." நான் எழுதினேன்: வீட்டு வேலை, உழைக்காதவர். அந்த அம்மா தலை நிமிரவில்லை. ஊசி நிற்கவும் இல்லை. மூன்று அடி தூரத்தில் கையில் வேலையோடு இருந்த ஒரு தொழிலாளியை இந்திய அரசின் காகிதத்திலிருந்து நான் அழித்தேன். அந்தத் தெருவில் மட்டும் அப்படி எத்தனை வீடு என்று இப்போது எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

இது என் ஒருவனுடைய தப்பு இல்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஆந்திராவில் நரசாபுரம் லேஸ் என்று புகழ்பெற்ற ஒன்று. அதுவும் மிஷனரிகள் வழியாக வந்ததுதான். மரியா மீஸ் என்ற ஜெர்மானியப் பேராசிரியை அங்கே தங்கி ஆராய்ந்து 1982ல் ஒரு புத்தகம் எழுதினார். உலகச் சந்தைக்குச் சரக்கு பின்னும் பெண்களெல்லாம் குடும்பப் பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள் என்று பேர். அந்தச் சரக்கை வாங்கி விற்கிற ஆண்கள் வியாபாரிகள், ஏற்றுமதியாளர்கள் என்று பேர். "ஓய்வு நேரம்" என்று சொல்லிவிட்டால் கூலி பேச வேண்டாம், சங்கம் வேண்டாம், சட்டம் வேண்டாம். 2024ல் நரசாபுரம் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. லேஸுக்குப் பேர் கிடைத்துவிட்டது. பின்னுகிறவளுக்கு எப்போது கிடைக்கும்?

மூன்றாவது குற்றம் வீட்டில் செய்தது. இதுதான் எழுதக் கஷ்டமானது.

எங்கள் வீடு மயிலாடிப் பக்கம். அப்பா போனபிறகு வீட்டில் வருமானம் என்று இருந்தது அக்காவின் ஊசிதான். 14 வயதில் ஊசி பிடித்தாள். நாகர்கோவிலிலிருந்து ஏஜெண்டு ஒரு அம்மா பஸ்ஸில் துணிக்கட்டு கொண்டுவருவார். துளை போட்ட தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தைத் தேய்த்தால் பூ பதியும். அந்த வாசனைதான் எனக்கு எங்கள் வீட்டு வாசனை. ஒரு கைக்குட்டைக்கு 50 பைசா. அழுக்குப் பட்டால் கழிவு. தையல் இழுத்தால் கழிவு. இரவில் அரிக்கேன் விளக்குக்கு ஒரு பக்கம் நான் படிப்பேன், இன்னொரு பக்கம் அவள் தைப்பாள். வெளிச்சம் எனக்குத்தான் திரும்பியிருக்கும்.

1977ல் ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்தது. சேரும் பணம், விடுதிப் பணம், இரண்டு சட்டை, ஒரு இரும்புப் பெட்டி எல்லாம் அக்கா தைத்த கைக்குட்டைகள். 1984ல் வேலை கிடைத்தது. 33 வருடம் சம்பளம் வாங்கினேன். இப்போது ஓய்வூதியம் வாங்குகிறேன். அகவிலைப்படி இரண்டு சதவீதம் தள்ளிப்போனால் சங்கத்தில் போய்க் கோஷம் போடுகிறேன். அக்கா 45 வருடம் தைத்தாள். கண்ணில் புரை வந்து நிறுத்தினாள். ஒரு பைசா ஓய்வூதியம் கிடையாது.

2001 கணக்கெடுப்பின்போது அக்கா வீட்டுக்கு வந்தது என் நண்பர். நான் அப்போது அங்கே இருந்தேன். அவர் அக்காவைக் காட்டி "அவங்க?" என்று கேட்டார். அவள் வாயைத் திறக்கும் முன் நான் சொன்னேன்: "அக்கா சும்மா வீட்லதான்."

அவள் காசில் படித்தவன் சொன்ன வார்த்தை இது.

நம் மாநிலத்தில் 1982ல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென ஒரு சட்டம் வந்தது. அதன் வழியாகத் தையல் தொழிலாளர்களுக்கு ஒரு நல வாரியம், கைவினைத் தொழிலாளர்களுக்கு ஒரு நல வாரியம் எல்லாம் இருக்கின்றன. 18 வயதிலிருந்து 60 வயதுக்குள் பதிந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, விபத்துக்கு உதவி, 60க்குப் பிறகு மாத ஓய்வூதியம் உண்டு. நான் ஊரில் எத்தனையோ பேருக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்திருக்கிறேன். கொத்தனாருக்கு எழுதினேன். ஆட்டோக்காரருக்கு எழுதினேன். அக்காவுக்கு எழுதத் தோன்றவில்லை. அவள் தொழிலாளி என்று என் மண்டையில் ஏறவே இல்லை. 2011ல் அவளுக்கு 60 முடிந்தது. கதவு மூடிவிட்டது.

இந்தப் பதிவை நேற்று அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். முதலில் "எனக்க பேரப் போடாண்டாம்" என்றாள். போடவில்லை. பிறகு ஒரு திருத்தம் சொன்னாள். "நீ எழுதியதப் பாத்தா நான் கண்ணீர் விட்டுட்டே தச்சது மாதிரி இருக்கு. எனக்கு அந்த சோலி ஒருபாடு பிடிக்கும் தம்பி. ஒரு ரோசாப்பூ சரியா விழுந்தா அன்னிக்கு முழுக்கச் சந்தோசந்தான்."

நான் விளையாட்டாகக் கேட்டேன்: "பாத்தியா, சந்தோஷமா செஞ்சதுதானே, அப்ப பொழுதுபோக்குன்னு அவங்க சொல்றது சரிதானே?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏன், நீ பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததும் சந்தோசமாத்தானே? மாசம் முதல் தேதி சம்பளம் வேண்டாம்னு சொன்னியா?"

33 வருடம் வாத்தியார் வேலை பார்த்த எனக்குப் பதில் இல்லை.

பிடித்துச் செய்வதற்கும் கூலி வாங்குவதற்கும் பகை இல்லை. டாக்டர் பிடித்துத்தான் வைத்தியம் பார்க்கிறார். பாடகர் பிடித்துத்தான் பாடுகிறார். அவர்களிடம் யாரும் "பொழுதுபோக்குதானே, பாதிக்குக் கொடுங்க" என்று கேட்பதில்லை. பொம்பளைகள் திண்ணையில் செய்வதற்கு மட்டும் இந்தச் சட்டம்.

இனி வேண்டுகோள். நான் திட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை, வீட்டுப்பாடம் கொடுத்துத்தான் அனுப்புவேன்.

ஒன்று, என் மாணவர்களில் இன்று ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு. 2021ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளித் தள்ளி 2027 பிப்ரவரியில் நடக்கப்போகிறது. மறுபடி நம் ஆட்கள்தான் பையைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறோம். இந்த முறை சாதியும் கேட்கிறார்கள் என்பதால் டீக்கடையிலும் டிவியிலும் அதைப் பற்றித்தான் பேச்சு. பேசட்டும், அது வேண்டியதுதான். தொழில் என்ற கேள்வியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நீங்கள் பேசுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். "வேலைக்குப் போறியளா?" என்று கேட்காதீர்கள், "இல்லை" என்றுதான் வரும். "தைக்கிறியளா, பின்னுறியளா, பூக் கட்டுறியளா, முந்திரி உடைக்கிறியளா, கயிறு திரிக்கிறியளா? விக்கியளா? வருஷத்துல எத்தற மாசம்?" என்று கேளுங்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிடம் கூடும். என் மூன்று கணக்கெடுப்பின் பாவத்தில் கொஞ்சம் கழியும்.

இரண்டு, சொந்தக்காரர்களுக்கும் பழைய மாணவிகளுக்கும். கைவேலை வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். மனதுக்குள் வகுத்துப் பாருங்கள். வகுத்தல் நான் சொல்லிக் கொடுத்ததுதான். 10,580 ரூபாய் கொடுக்க நம்மில் பலரால் முடியாது, எனக்கும் தெரியும். முடியாவிட்டால் சின்னதாக ஒன்று வாங்குங்கள், கேட்ட விலைக்கு வாங்குங்கள். அன்று அக்கா ஒரு கைக்குட்டை வாங்கினாள். 180 ரூபாய். பேரம் பேசவில்லை. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், காசைக் கொடுத்தாள்.

மூன்று, 60 வயதுக்குள் இருக்கிற தையல், எம்பிராய்டரி, குரோஷா செய்கிற பெண்களுக்கு. உங்கள் மாமியாராக, சித்தியாக, பக்கத்து வீட்டு அக்காவாக இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். நல வாரியத்தில் பதியுங்கள். மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவும் இருக்கிறது, 16 முதல் 59 வயது வரை. உலகத் தொழிலாளர் அமைப்பு 1996லேயே வீட்டிலிருந்து வேலை செய்பவரும் தொழிலாளிதான் என்று 177ம் எண் உடன்படிக்கை போட்டது. இந்தியா இன்னும் அதில் கையெழுத்திடவில்லை. அரசாங்கம் எப்போது ஏற்றுக்கொள்ளுமோ தெரியாது. அதுவரைக்கும் இருக்கிற கதவுகளையாவது தட்டுவோம்.

வருகிற சனிக்கிழமையிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை என் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், போட்டோ இரண்டு கொண்டுவாருங்கள். விண்ணப்பம் நான் எழுதித் தருகிறேன். என் கையெழுத்து இன்னும் கெட்டுப்போகவில்லை. தொழில் என்ற இடத்தில் "வீட்டு வேலை" என்று எழுத மாட்டேன். அக்காவும் பக்கத்தில் இருப்பாள். தைத்த துணி ஒன்று கொண்டுவந்தால் திருப்பிப் பார்ப்பாள். அவளிடம் பாஸ் மார்க் வாங்குவது என்னிடம் வாங்குவதைவிடக் கஷ்டம், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அந்த மேசை விரிப்பை வாங்கிய என் மகளே, நீயும் ஒரு சனிக்கிழமை வா. கோபமில்லை. அந்தக் கடைக்கார அம்மாவின் போன் நம்பர் அக்காவிடம் இருக்கிறது. மீதி 1300 ரூபாயை எப்படிக் கொடுப்பது என்று யோசிப்போம். பாதி நான் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்